கோணல் முகங்களுக்கு ஒரு வக்காலத்து

ஜப்பானிய அனிமேஷனைப் பற்றிய வாதங்களில் ரசிகர்கள் சலிக்காமல் எடுத்து வீசும் ஆயுதம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் காட்சியை ஓரிடத்தில் நிறுத்தி, நின்றுபோன அந்த ஒற்றை ஃபிரேமைப் படமாகப் பிடித்துப் போட்டு, "இதை வரைந்தவருக்குச் சம்பளம் வேறு கொடுத்தார்களா?" என்று கேட்பதுதான் அது. நருடோ ஷிப்புடென் தொடரின் 167ஆம் அத்தியாயம் 2010இல் ஒளிபரப்பானது முதல் இன்றுவரை இந்தக் கேலிக்கு ஆளாகி வருகிறது. தன்னிலை மறந்து மிருகமாகிவிட்ட நருடோவுக்கும் பெய்ன் என்னும் எதிரிக்கும் நடக்கும் சண்டை அது. அட்சுஷி வகாபயாஷி இயக்கிய அந்த அத்தியாயத்தில் முகங்கள் இழுபடுகின்றன, தாடைகள் கோணுகின்றன, கைகால்கள் தம் அளவை மறந்து வளைகின்றன. நிறுத்திப் பார்த்தால் பெய்னின் முகம் சிரிப்பை வரவழைக்கத்தான் செய்யும். நிறுத்தாமல் பார்த்தால், தொடரின் மற்றச் சண்டைகளில் அரிதாகவே கிடைக்கும் ஒன்று இதில் கிடைக்கிறது. அடி வாங்கும் உடல், அடி வாங்கும் உடலாகவே தெரிகிறது.

அசையும் ஓவியத்தின் தரத்தை அசையாத ஓவியத்தை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்காகக் கோணல்கள் அனைத்தையும் கலை என்று தூக்கிப் பிடிக்க நான் தயாராக இல்லை. நேரமும் பணமும் போதாமல் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக வந்து சேரும் அத்தியாயங்கள் ஜப்பானில் ஏராளம். அவற்றில் முகம் கோணுவதற்குக் காரணம் ஓவியரின் துணிவு அல்ல, தயாரிப்பு அட்டவணையின் நெருக்கடி. இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான். காட்சி ஓடும்போது உடலின் எடையும் விசையும் திசையும் எனக்கு வந்து சேர்கின்றனவா? சேர்ந்தால் முகம் எத்தனை கோணினாலும் எனக்குப் புகார் இல்லை.

இந்த விவகாரம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் தொழில்நுட்பத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் நொடிக்கு 24 ஓவியங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் 12. மூன்றுக்கு நிறுத்தினால் 8. காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் தயாரித்த ஆஸ்ட்ரோ பாய் தொடர் 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது, வாரம் தவறாமல் ஓர் அரைமணி நேர அத்தியாயத்தைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தில், நொடிக்கு 8 ஓவியங்கள் என்னும் கணக்குக்கும், உடல் அப்படியே நிற்க வாய் மட்டும் அசையும் உத்திக்கும், வரைந்ததையே மறுபடி மறுபடி எடுத்தாளும் வழக்கத்துக்கும் அந்த நிறுவனம் பழகிக்கொண்டது. அந்தச் சிக்கனமே பின்னர் ஒரு தொழில்துறை முழுவதற்கும் இலக்கணமானது. அதை வறுமையின் கதையாக மட்டும் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஓவியங்களின் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சி நிற்கும் ஒவ்வோர் ஓவியமும் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. எந்த நிலையை வரைவது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வு அங்கே ஒரு நடிகரின் தேர்வுக்கு நிகராகிறது.

வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையும் இதற்குத் துணை நின்றது. டிஸ்னி மரபில் ஓர் அனிமேட்டர் பெரும்பாலும் ஒரு கதாபாத்திரத்துக்குப் பொறுப்பேற்பார். ஜப்பானிலோ தொடர்ச்சியான சில ஷாட்கள் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. அவற்றில் வரும் மனிதர்கள், புகை, நீர், நெருப்பு எல்லாவற்றுக்கும், அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் முதன்மை ஓவியங்கள் அவர் பொறுப்பு. அதன்பின் ஓவிய மேற்பார்வையாளர் ஒருவர் அந்தத் தாள்களை வாங்கி, முகங்களையும் அளவுகளையும் கதாபாத்திரத்துக்கென வகுத்த மாதிரிப் படத்துக்கு ஏற்பத் திருத்துவார். அவர் பென்சிலை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது மீதி. அவர் தாராளமாக விட்டுக்கொடுத்தால், படத்தின் நடுவே ஒரு தனிமனிதரின் கையெழுத்து அப்படியே தங்கிவிடும். தேர்ந்த ரசிகர்கள் பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே "இது இன்னாருடைய ஷாட்" என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் முன்னோடி யோஷினோரி கனடா. 1979இல் வந்த கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 படத்தின் இறுதியில் ஒரு கோளே சிதறும் காட்சியையும், 1983இல் வந்த கென்மா தைசென் படத்தில் நெருப்பே டிராகனாக உருவெடுத்து வளைந்து பாயும் காட்சியையும் பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நெருப்பு எப்படி எரியும் என்பதை அவர் வரையவில்லை. நெருப்பின் ஆவேசத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மிட்சுவோ இசோ நேரெதிர்த் திசையிலிருந்து வந்தவர். முதன்மை ஓவியங்களுக்கு நடுவே வரும் இடை ஓவியங்களை இன்னொருவரிடம் விடாமல் ஏறக்குறைய எல்லாத் தாள்களையும் தாமே வரைந்து, ஓவியங்களுக்கிடையிலான இடைவெளியைச் சீரற்றதாக வைத்து, குறைந்த ஓவியங்களிலேயே கனத்தை உணர்த்தியவர். 1997இல் வெளிவந்த தி எண்ட் ஆஃப் இவாஞ்செலியன் படத்தில் சிவப்பு நிற ராட்சத எந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக எதிரிகளைக் கிழித்தெறியும் பகுதியில், மலையளவு உடல் ஒன்று திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு தாமதத்தைக் கவனியுங்கள். ஆயிரம் வெடிப்புகளால் சொல்ல முடியாத பிரம்மாண்டம் அதில் இருக்கிறது.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஷின்யா ஓஹிரா. அவருடைய கோடு எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். உருவத்தின் எல்லையை அது ஒருபோதும் உறுதியாகச் சொல்லாது. ஹயாவோ மியாசாகியின் தி பாய் அண்ட் தி ஹெரான் 2023இல் வந்தபோது, அதன் தொடக்கத்தில் மருத்துவமனை தீப்பற்றி எரிய, சிறுவன் மஹிடோ தன் தாயைத் தேடித் தெருவில் ஓடும் காட்சியை ஓஹிராவிடம் கொடுத்திருந்தார்கள். மியாசாகியின் ஜிப்ளி நிறுவனப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய தெளிவான, வட்டமான முகங்கள் அந்தச் சில நிமிடங்களுக்குக் காணாமல்போகின்றன. வழியில் நிற்கும் மனிதர்கள் வெப்பத்தில் உருகும் கரிய நிழல்களாகிறார்கள். பறக்கும் தீப்பொறிக்கும் சிறுவனின் முடிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஒரு குழந்தை அன்றிரவு கண்டது இப்படித்தான் நினைவில் தங்கியிருக்கும் என்பதை எந்த வசனமும் இல்லாமல் அந்தக் கோடுகள் சொல்லிவிடுகின்றன. அந்தக் காட்சியை வழக்கமான ஜிப்ளி வரைமுறையில் வரைந்திருந்தால், பின்னால் அந்தச் சிறுவன் காட்டும் இறுக்கமும், தன் தலையில் தானே கல்லால் அடித்துக்கொள்ளும் முரட்டுத்தனமும் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

ஓஹிரா பங்காற்றிய இன்னொரு வேலை குவென்டின் டாரன்டினோவின் கில் பில் முதல் பாகத்தில் வரும் அனிமேஷன் பகுதி. புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனத்துக்காகக் கசுட்டோ நகசாவா இயக்கியது. வன்முறை உச்சத்துக்குப் போகும் இடத்தில் நிஜ நடிகர்களை விலக்கிவிட்டு ஓவியத்துக்குத் தாவும் அந்த யோசனைக்கு ஓர் இந்தியப் படம் தூண்டுதலாக இருந்ததாக டாரன்டினோ தம்மிடம் சொன்னார் என்று இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் கூறியிருக்கிறார். அந்தப் படம் ஆளவந்தானின் இந்தி வடிவமான அபய். 2001இல் கமல்ஹாசன் செய்த அந்தச் சோதனை, நந்து என்னும் பாத்திரத்தின் சிதைந்த மனத்தைக் காட்ட அனிமேஷனைத் துணைக்கு அழைத்தது. படமாக ஆளவந்தான் என்னை அவ்வளவாகக் கவர்ந்ததில்லை. எனினும் கேமராவால் போக முடியாத இடத்துக்குக் கோட்டால் போக முடியும் என்று ஒரு தமிழ்ப் படம் அவ்வளவு முன்பே முடிவெடுத்ததையும், நம் சினிமா அந்தக் கதவை அதன்பின் பெரிதாகத் தட்டவே இல்லை என்பதையும் நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

மசாக்கி யுவாசாவை நம்மில் பலர் பெயர் தெரியாமலே அறிவோம். தமிழ் பேசும் ஷின்சானைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்தத் தொடரிலும் அதன் திரைப்படங்களிலும் நெடுங்காலம் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் இயக்கி 2004இல் வெளிவந்த முதல் முழுநீளப் படம் மைண்ட் கேம். நிஷி என்னும் கோழை இளைஞன் அவமானகரமான முறையில் சுடப்பட்டுச் சாகிறான். மேலுலகில் நொடிக்கொரு வடிவம் எடுக்கும் கடவுளைச் சந்திக்கிறான். "போதும், மறைந்து போ" என்னும் கடவுளின் விருப்பத்தை மீறி உயிருக்குத் திரும்பி ஓடுகிறான். கதாபாத்திரங்களின் முகத்தில் திடீரென்று நிஜ மனிதர்களின் புகைப்பட முகம் ஒட்டிக்கொள்கிறது. வண்ணங்கள் கோட்டைத் தாண்டி வழிகின்றன. ஒரு ஷாட் குழந்தைக் கிறுக்கலாகவும் அடுத்தது வரைபடக் கச்சிதத்தோடும் இருக்கிறது. பாணியில் ஒருமைப்பாடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படம் ஒரு தண்டனை. எனக்கு அதன் கடைசிப் பகுதி, திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து மனிதர்கள் தண்ணீரின் மேலேயே ஓடி வெளியேறத் துடிக்கும் அந்த மூச்சுமுட்டும் நீண்ட ஓட்டம், அனிமேஷனின் பெரும் சாதனைகளில் ஒன்று. வாழ வேண்டும் என்ற வெறியை எந்த நடிகரின் உடலாலும் அந்த அளவுக்கு நீட்டிக் காட்ட முடியாது.

ஆனாலும் யுவாசாவின் சிறந்த படைப்பு எது என்று என்னைக் கேட்டால் 2014இல் வந்த பிங் பாங் தொடரைத்தான் சொல்வேன். டையோ மட்சுமோட்டோவின் மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸைத் தழுவிய 11 அத்தியாயங்கள். அனைத்துக்கும் ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட்களை முன்கூட்டியே வகுக்கும் படவரிசை, வரைந்தவர் யுவாசாவே. முதல் அத்தியாயத்தில் பார்வையாளரை வரவேற்க எதுவுமே இல்லை. மூக்குகள் ஒழுங்கற்றவை, கோடுகள் நடுங்குபவை, பையன்கள் யாரும் அழகர்கள் இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் திரை காமிக்ஸ் பக்கம்போல் கட்டம் கட்டமாகப் பிளக்கிறது. ஒரு கட்டத்தில் மட்டை, ஒன்றில் கண், இன்னொன்றில் தரையில் தேயும் காலணி. பந்தின் வேகத்தை வரைவதற்குப் பதிலாக, பந்து வரும் அந்தக் கணத்தில் ஆட்டக்காரனின் புலன்கள் எத்தனை துண்டுகளாகச் சிதறுகின்றன என்பதை வரைந்திருக்கிறார்கள். ஸ்மைல் என்று அழைக்கப்படும், ஒருபோதும் சிரிக்காத பையன் ஆட்டத்தின் நடுவே எந்திரமாக மாறுவதும், ஷாங்காயிலிருந்து துரத்தப்பட்டு ஜப்பானியப் பள்ளி ஒன்றுக்கு ஆட வந்திருக்கும் கொங் வெங்கே, இந்த நாட்டையே வெறுத்துக்கொண்டிருந்தவன், ஆறாவது அத்தியாயத்தின் கிறிஸ்துமஸ் இரவில் அணித் தோழர்களோடு சேர்ந்து கொழுக்கட்டை பிடித்துப் பாடுவதும் ஒரே கோட்டால் வரையப்பட்டவைதாம். அந்தக் கோடு அழகு தேடாததால், கொங்கின் முகம் முதன்முறையாக இளகும்போது நமக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

யுவாசாவிடம் எனக்குக் குறைகளும் உண்டு. எல்லாமே எப்போதும் வளையும் உலகில், வளைவது ஒரு கட்டத்தில் செய்தியாக இல்லாமல்போய்விடுகிறது. 2018இல் வந்த டெவில்மேன் கிரைபேபியின் முதல் சில அத்தியாயங்களில், விகாரமாகும் உடல்கள் என்னை அச்சுறுத்துவதை விட்டு வெகு சீக்கிரத்தில் அலுப்பூட்டத் தொடங்கின. பிற்பகுதியில் மனிதர்கள் மனிதர்களாகவே நின்று கொடூரம் செய்யும்போதுதான் தொடர் நிமிர்கிறது. 2021இல் வெளிவந்த இனு-ஓ படத்தில் 14ஆம் நூற்றாண்டின் மேடைக் கலைஞன் ஒருவனை ராக் பாடகனாக்கிப் பார்க்கும் எண்ணம் அபாரமானது, கண்பார்வையற்ற இசைக்கலைஞன் ஒலியின் வழியே உலகை உணரும் பகுதிகள் அதைவிட அபாரம். ஆனால் மேடைக் காட்சிகள் ஒரே அலைவரிசையில் நீண்டுகொண்டே போகின்றன. உச்சத்திலேயே தொடங்கும் பாட்டுக்கு ஏற வேறு படி இல்லை.

கோடு வளைந்தால்தான் உணர்ச்சி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இயக்குநர் சடோஷி கோனின் மனிதர்கள் அளவு பிசகாதவர்கள். 2001இல் வந்த மில்லேனியம் ஆக்ட்ரஸில் சியோகோ என்னும் நடிகை தான் தேடும் மனிதனை நோக்கி ஓடுகிறாள். குதிரை ரிக்‌ஷாவாகவும் ரிக்‌ஷா சைக்கிளாகவும் மாற, அவள் நடித்த படங்களும் அவள் வாழ்ந்த காலங்களும் ஒரே ஓட்டத்தில் கலக்கின்றன. அங்கே வளைவது காலம், அதை வளைப்பது படத்தொகுப்பு. 46 வயதில், 2010இல் இறந்துபோன அவருடைய நான்கு படங்களுக்கும் தனிப் பதிவு எழுத வேண்டும் என்பதால் இங்கே இதோடு விடுகிறேன்.

அடங்கிய கோடு, பொங்கும் கோடு ஆகிய இரண்டையும் ஒரே படத்தில் கணக்கறிந்து பயன்படுத்தியவர் ஜிப்ளியின் இன்னோர் இயக்குநரான இசாவோ டகாஹாட்டா. வேடிக்கை என்னவென்றால், அவர் ஓவியர் அல்லர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு டோயி அனிமேஷன் நிறுவனத்தில் இயக்குநர் பயிற்சிக்குச் சேர்ந்தவர். தாம் வரையாததாலேயே, வரைபவரின் கையில் முதலில் பிறக்கும் கோட்டுக்கு என்ன நேர்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க அவரால் முடிந்தது என்பது என் ஊகம். வழக்கமான முறையில் அந்த முதல் கோடு சுத்தமாகப் படியெடுக்கப்பட்டு, இடைவெளியில்லாமல் மூடப்பட்டு, உள்ளே வண்ணம் நிரப்பப்படும். அந்தச் சலவையில் போய்விடுவது வேகமும் தயக்கமும். அவற்றைத் திரைவரை கொண்டுவர அவர் எடுத்த முதல் முயற்சி, 1999இல் வந்த மை நெய்பர்ஸ் தி யமடாஸ். ஜிப்ளி முழுவதும் கணினி வழியாக வண்ணமிட்ட முதல் படமும் அதுதான். கோடு மூடப்படாமல் இருந்தால் வண்ணம் எங்கே நிற்க வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஓவியத்தோடு, வண்ணத்தின் எல்லையைச் சொல்வதற்கென்றே தனி ஓவியங்கள் வேண்டும். எளிமையாகத் தோன்றுவதற்காகப் பன்மடங்கு உழைத்த அந்தப் படம் வசூலில் தோற்றது.

டகாஹாட்டா அசரவில்லை. எட்டு ஆண்டு உழைப்புக்குப் பின், ஏறத்தாழ 500 கோடி யென் செலவில், 2013 நவம்பரில் இளவரசி காகுயாவின் கதை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 78. மூங்கில் வெட்டும் கிழவர் ஒருவர் மூங்கிலுக்குள் கண்டெடுக்கும் பெண்குழந்தையைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதை அது. படத்தின் பெரும்பகுதி நீர்வண்ணத்தின் மென்மையில், ஓரங்களில் வெள்ளைத் தாள் தெரிய, அவசரமில்லாமல் நகர்கிறது. தலைநகர மாளிகையில் அவளுக்குப் பெயர் சூட்டும் விருந்து நடக்கிறது. குடித்துவிட்டு வந்த விருந்தினர்கள் திரைக்கு அப்பாலிருந்து அவளை ஏளனமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்ட காகுயாவின் கையில் இருந்த சிப்பி உடைகிறது. அதற்குப் பின் அவள் ஓடுகிறாள். கதவுகளை உடைத்துக்கொண்டு, உடுத்தியிருந்த பட்டாடைகளை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, தெருவைத் தாண்டி, காட்டைத் தாண்டி, நிலவின் கீழ் தன் பழைய மலையை நோக்கி ஓடுகிறாள். ஷின்ஜி ஹாஷிமோட்டோ வரைந்த அந்தக் காட்சியில் வண்ணம் வடிந்துபோய், கரித்துண்டால் இழுத்தாற்போன்ற கீறல்கள் மட்டும் எஞ்சுகின்றன. முகம் முகமாக இல்லை. கோபமும் அவமானமும் ஒரு திசையில் பாயும் கோடுகளாக இருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது. மைண்ட் கேமில் கோடு ஓயாமல் பொங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பொறுமையாக அடங்கியிருந்துவிட்டு ஒரே ஒருமுறை உடைகிறது. அந்தப் பொறுமைதான் காட்சியின் பலம்.

போட்ட பணத்தில் பாதியளவுதான் ஜப்பானியத் திரையரங்குகளிலிருந்து வசூலாக வந்தது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. 2018இல் டகாஹாட்டா மறைந்தார். இப்படிப்பட்ட படத்தை இனி எந்த நிறுவனமும் இந்தச் செலவில் எடுக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கெஞ்சி இவாய்சாவாவின் ஆன்-காகு ஒரு வேறு வழியைக் காட்டியது. 71 நிமிடப் படம். ஏழு ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு. கையால் வரையப்பட்ட 40,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். அசையாத முகத்தோடு நிற்கும் மூன்று ரவுடிப் பையன்கள் இசை என்றால் என்னவென்றே தெரியாமல் வாத்தியங்களை எடுத்து ஒரே தாளத்தை அடிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கடைசி இசைவிழாவை உண்மையிலேயே மேடை போட்டு நடத்திப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். 2024இல் கியோடகா ஓஷியாமா இயக்கிய லுக் பேக் வெறும் 58 நிமிடம்தான். பெரும் பங்கை இயக்குநரே வரைந்து, முதன்மை ஓவியங்களின் சொரசொரப்பான கோடுகளைச் சுத்தப்படுத்தாமல் திரைக்குக் கொண்டுவந்தார். தன் ஓவியத்தை ஒருத்தி மனமாரப் பாராட்டியதைக் கேட்டுவிட்டு, கொட்டும் மழையில் ஃபுஜினோ என்ற சிறுமி குதித்துக் குதித்து வீடு திரும்பும் காட்சிக்காக மட்டுமே அந்தப் படத்தைப் பார்க்கலாம். மகிழ்ச்சியில் கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல்போவது எப்படி என்று அந்தக் கோடுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில் தமிழ் ஒலியோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதைத் தயாரித்த யூஃபோடேபிள் நிறுவனத்தின் திறமையை மறுக்க யாராலும் முடியாது. முடிவில்லாமல் மடங்கி விரியும் அந்தக் கோட்டையைப் பெரிய திரையில் பார்ப்பது தனி அனுபவம். ஆனால் உக்கிரமான அடியின் நடுவிலும் ஒவ்வொரு முகமும் மாதிரிப் படத்திலிருந்து இம்மியும் பிசகாமல் மெருகோடு இருப்பதால், வியப்புக்கு மேல் வேறெதுவும் எனக்குள் அசையவில்லை. எதிரியான அகாசாவின் இறந்தகாலம் மனத்தைத் தொட்டது உண்மை; தொட்டது கதை, ஓவியம் அல்ல.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் மைண்ட் கேமிலிருந்து தொடங்க வேண்டாம். பாதியில் எழுந்து போய்விடும் அபாயம் இருக்கிறது. லுக் பேக்கைப் பார்த்துவிட்டுக் காகுயாவுக்குப் போங்கள். அதன்பின் பிங் பாங். முதல் இரண்டு அத்தியாயங்களில் மூக்குகளைப் பற்றி முணுமுணுப்பவர்கள் கொங்கின் கிறிஸ்துமஸ் வரையிலாவது பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், சண்டை போடலாம்.